ஒரு லிட்டர் எண்ணெய் ஏன் ஒரு கிலோ இல்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தெருமுனைச் செக்கில் கடலை எண்ணெய் கிலோ 320 ரூபாய், மளிகைக் கடையில் லிட்டர் 300 ரூபாய், இரண்டில் எது மலிவு? கூடவே இரண்டு சந்தேகங்கள். வீட்டில் ஒரு லிட்டர் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் 915 கிராம்தான் காட்டுகிறது, மீதி 85 கிராம் எங்கே போனது? 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் ஒன்றுதானா? கிராமையும் மில்லியையும் பற்றிய கணக்கு போலத் தெரிந்தாலும், கொடுக்கிற காசுக்குச் சரியான எண்ணெய் வீட்டுக்கு வருகிறதா என்பதுதான் உங்கள் கவலை என்று புரிகிறது. நியாயமான கவலை. எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். ஒரு கிலோ எண்ணெய் ஏறத்தாழ 1,100 மில்லி. ஆகவே கிலோ விலையை லிட்டர் விலையாக்க 0.91-ஆல் பெருக்க வேண்டும். லிட்டர் விலையைக் கிலோ விலையாக்க 1.1-ஆல் பெருக்க வேண்டும். செக்கின் 320 ரூபாய் லிட்டருக்கு 291 ரூபாய் ஆகிறது. மளிகைக் கடையின் 300 ரூபாய் கிலோவுக்கு 330 ரூபாய் ஆகிறது. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் செக்குதான் மலிவு. பெருக்கும்போது திசை மாறிப்போகும் என்று பயமாக இருந்தால், கிலோவில் வாங்கினால் ஏறக்குறைய 100 மில்லி அதிகம் கிடைக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே எண்ணெய்க்குக் கிலோ விலை லிட்டர் விலையை விடப் பத்தில் ஒரு பங்கு வரை கூடுதலாக இருப்பது நியாயம். அதற்கு மேல் போனால் லிட்டரில் வாங்குங்கள். இரண்டு விலையும் ஒன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிலோவில் வாங்குங்கள்.

பாக்கெட் விஷயத்திலும் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ, ஒரு லிட்டர் பால் 1,030 கிராம் அளவு. தினமும் புழங்குகிற இந்த இரண்டும் கிலோவை ஒட்டியே இருப்பதால் எண்ணெயும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெய் தண்ணீரை விட லேசாக இருப்பதால் மேலே மிதக்கிறதே, அதே காரணத்தால்தான் பாக்கெட்டும் 910-ஐ ஒட்டி நிற்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்பதன் அருகிலேயே 910 கிராம் என்றோ அதை ஒட்டிய எண்ணோ அச்சாகியிருக்கும். சமையல் எண்ணெயைக் கொள்ளளவில் விற்பவர்கள் அதற்கு இணையான எடையையும் போட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. எழுத்து சின்னதாக இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

910 என்பது எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகச் சொல்கிற எண். 30 டிகிரி வெப்பத்தில் கடலை எண்ணெய் 907-லிருந்து 910 கிராம் வரை இருக்கும். நல்லெண்ணெயும் சூரியகாந்தியும் அதைவிட நாலைந்து கிராம் கூடுதல், பாமாயில் சில கிராம் குறைவு, தேங்காய் எண்ணெய் 915-ஐ ஒட்டி. ஒரே எண்ணெயிலேயே விதையின் ரகத்தையும் விளைந்த இடத்தையும் பொறுத்து ஓரிரு கிராம் மாறும். இந்த வித்தியாசம் எல்லாம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால் வீட்டுக் கணக்குக்கு 910-ஐ எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. இதற்குள் அடங்காதது விளக்கெண்ணெய்தான். அது லிட்டருக்கு 950 கிராமைத் தாண்டும்.

எண்ணெயின் ரகத்தை விடப் பெரிய விஷயம் வெப்பம். எண்ணெய் சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 கிராம் மாறும். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 38 டிகிரி சென்னை வெயிலில் அளந்த ஒரு லிட்டருக்கும், 10 டிகிரி ஊட்டிக் குளிரில் அளந்த ஒரு லிட்டருக்கும் நடுவே ஏறத்தாழ 19 கிராம் எண்ணெய் வித்தியாசம் வந்துவிடும். அளவை ஒன்றே, நிரப்பியதும் சரியாகவே, ஆனாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பாக்கெட்டின் மீது 1 லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் '60 டிகிரி வெப்பத்தில்' என்று சேர்க்கும் வழக்கம் சில நிறுவனங்களிடம் இருந்தது. 60 டிகிரியில் எண்ணெய் நன்றாக விரிந்திருக்கும், அதனால் குறைந்த எடையிலேயே ஒரு லிட்டர் கணக்கு நிரம்பிவிடும். சோயா எண்ணெயில் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். ஒரு பாக்கெட்டுக்கு 26 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. அந்த 60 டிகிரி லிட்டர் நம் வீட்டு அலமாரியில் 980 மில்லிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைக் கண்டித்து, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவைப் போட வேண்டும், கூடவே போடும் எடையும் சரியாக இருக்க வேண்டும் என்று சொன்னது. 2023 ஜனவரி 15 வரை திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தது. அந்த உத்தரவு வந்தபோது எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. வாங்குகிறவருக்கு 60 டிகிரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரும் எண்ணெயை அந்தச் சூட்டில் அலமாரியில் வைப்பதில்லை.

அதனால் கடையில் இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது லிட்டரை விட்டுவிட்டு கிராமைப் பாருங்கள். இப்போது ஒரு லிட்டர் பாக்கெட் போலவே தோன்றும் 850 மில்லி, 800 கிராம் பாக்கெட்டுகளும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் ஒரு மில்லிக்கு இவ்வளவு என்றும், இன்னொன்றில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்றும் அலகு விலை போட்டிருக்கும். கிராம் விலையை 0.91-ஆல் பெருக்கினால் மில்லி விலை வந்துவிடும், அப்புறம் நேராக ஒப்பிடலாம். 800 கிராம் என்பது 880 மில்லி அளவு, ஆகவே அது 850 மில்லி பாக்கெட்டை விடப் பெரியது. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது தலைகீழாகத் தெரியும்.

வீட்டில் எடை போட்டுப் பார்க்க நினைத்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். நீங்கள் பார்த்த 915 கிராமில் பாக்கெட் உறையின் எடையும் சேர்ந்திருக்கிறது. எண்ணெயைப் பாத்திரத்தில் ஊற்றிய பிறகு காலி உறையைக் கழுவி, காயவைத்து, தனியாக எடை போட்டுக் கழிக்க வேண்டும். சமையலறைத் தராசுகள் ஒரு கிராம் வரை காட்டினாலும் ஒரு கிலோ அளவில் சில கிராம் முன்பின் இருப்பது சகஜம். மளிகைக் கடையில் முத்திரையிட்ட எடைக்கல் இருந்தால் ஒரு தடவை வைத்துப் பார்த்து, உங்கள் தராசு எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், ஒரு பாக்கெட்டில் சில கிராம் குறைந்தாலே சட்ட மீறல் என்று ஆகாது. ஒரு லிட்டர் அளவுள்ள பாக்கெட் ஒன்றில் 15 மில்லி வரை குறைவதை விதி பொறுத்துக்கொள்கிறது. ஆனால் பல பாக்கெட்டுகளை எடுத்துச் சராசரி பார்த்தால் அச்சிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. எனவே ஒரு பாக்கெட் 900 கிராம் காட்டினால் பதற வேண்டாம். வாங்குகிற பாக்கெட் எல்லாமே 900 காட்டினால் அது கேட்க வேண்டிய விஷயம்.

உங்கள் எண்ணெய்க்குச் சரியான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கவும் முடியும். வாய் குறுகலான கண்ணாடி பாட்டில் ஒன்றை நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். கழுத்தில் நூல் கட்டி ஓர் அடையாளம் வைத்து, அதுவரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். தண்ணீரைக் கொட்டி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, அதே அடையாளம் வரை எண்ணெய் ஊற்றி எடை போடுங்கள். பாட்டிலின் எடையைக் கழித்தபின் தண்ணீர் 498 கிராம், எண்ணெய் 455 கிராம் என்று வந்தால், 455-ஐ 498-ஆல் வகுக்க 0.914 வரும். 30 டிகிரியில் தண்ணீரே லிட்டருக்கு 996 கிராம்தான் என்பதால் அதை 0.996-ஆல் பெருக்க 0.910 கிடைக்கும். பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் செய்வதும் இதேதான். அங்கே பாட்டில் சின்னது, மூடியில் ஊசித்துளை இருக்கும், வெப்பத்தைத் தொட்டியில் வைத்து நிலைநிறுத்துவோம், தராசு மில்லிகிராம் வரை காட்டும். வீட்டில் செய்தால் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம், முதல் இரண்டு இலக்கம் சரியாக வரும். எண்ணெயில் நுரை அடங்கும் வரை காத்திருங்கள், குமிழி இருந்தால் எடை குறைத்துக் காட்டும்.

டின் விஷயத்தில்தான் பணம் உண்மையாகவே கைவிட்டுப் போகிறது. 15 கிலோ டின்னில் ஏறத்தாழ 16.5 லிட்டர் எண்ணெய் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும். இரண்டு டின்னும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது, கடையில் இரண்டையும் 'டின்' என்றே சொல்வார்கள். நடுவே 1.35 கிலோ வித்தியாசம், நீங்கள் சொன்ன விலையில் 432 ரூபாய். கல்யாண வீட்டுக்கு நாலு டின் வாங்கும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரம் பெரும்பாலும் எடையில்தான் நடக்கிறது. விருதுநகர் சந்தை நிலவரம் பேப்பரில் வரும்போது கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எல்லாம் 15 கிலோ டின் கணக்கில்தான் வரும். ஆகவே பேப்பரில் பார்த்த டின் விலையைக் கடையில் சொல்லும் விலையோடு ஒப்பிடும் முன், கடைக்காரரிடம் 'கிலோ டின்னா, லிட்டர் டின்னா' என்று கேளுங்கள். டின் மீதும் அச்சிட்டிருக்கும்.

ஆலையில் டின் நிரப்புவதைப் பார்த்தால் எடையை ஏன் நம்புகிறோம் என்பது விளங்கும். காலி டின்னைத் தராசில் ஏற்றிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்கள். குழாய் திறந்ததும் எண் ஏறும், 15 கிலோவை நெருங்கும்போது குழாயை ஒடுக்கி நூலாக விட்டு நிறுத்துவார்கள். எண்ணெய் சூடாக வந்தாலும் ஆறி வந்தாலும் உள்ளே போவது 15 கிலோதான். மூடிக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். அதைப் பார்த்து 'குறைத்து ஊற்றியிருக்கிறார்கள்' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த இடம் வேண்டும். 25 டிகிரியில் இருக்கிற டின் லாரியில் வெயில் பட்டு 45 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் எண்ணெய் கால் லிட்டர் அளவு விரியும், இடமில்லை என்றால் மூடி வழியே கசிந்துவிடும்.

செக்கில் நீங்களே கடலையோ கொப்பரையோ கொடுத்து ஆட்டுவதாக இருந்தால் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நல்ல நிலக்கடலைப் பருப்பு 10 கிலோ கொடுத்தால் 4 கிலோவை ஒட்டி எண்ணெய் வரும், நன்றாகக் காய்ந்த கொப்பரையில் 6 கிலோவை ஒட்டி. பருப்பின் தரத்தையும் ஈரத்தையும் பொறுத்து இது முன்பின் ஆகும், அதனால் இந்த எண்ணைக் காட்டிச் செக்குக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் அவர் 'நாலு வந்துச்சு' என்று மட்டும் சொன்னால், நாலு கிலோவா நாலு லிட்டரா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நாலு லிட்டர் என்பது 3.64 கிலோ, 360 கிராம் வித்தியாசம். எடையில் பேசிக்கொண்டால் இன்னொரு வசதி உண்டு. பருப்பு எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை கிலோ, புண்ணாக்கு எத்தனை கிலோ என்று மூன்றையும் கூட்டிப் பார்க்கலாம். சிறிதளவு ஈரமும் கசடும் போக மற்றது கணக்கில் ஒத்துவர வேண்டும். நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டினால் அதன் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லிட்டரில் இந்தக் கணக்கே போட முடியாது.

செக்கில் இறங்கும் எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும், எக்ஸ்பெல்லரில், அதாவது விதையைத் திருகி அழுத்திப் பிழியும் இயந்திரத்தில், இறங்குவது கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். 65 டிகிரியில் லிட்டர் அளவையில் பிடித்துக் கொடுத்தால் வீட்டில் ஆறியதும் லிட்டருக்கு 25 மில்லி அளவு சுருங்கியிருக்கும். யாரும் எதையும் எடுத்துவிடவில்லை, சூடு போனதால் சுருங்கியது. புதிதாக ஆட்டிய எண்ணெயில் கசடும் கலந்திருக்கும். அதை ஓரிரு நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டால் அடியில் மண்டி தங்கும், அந்த எடை உங்களுக்குப் பயன்படாது. அதனால் தெளிந்த எண்ணெயின் கிலோ விலையும், அப்போதே இறக்கிய எண்ணெயின் கிலோ விலையும் ஒன்றாக இருந்தால் தெளிந்ததை வாங்குவதே லாபம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி, எடையை வைத்துச் சொல்லக் கூடாத ஒன்று. 'ஒரு லிட்டர் எடை போட்டுப் பார்த்தால் கலப்படம் தெரிந்துவிடும்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். தெரியாது. கடலை எண்ணெயும் பாமாயிலும் எடையில் மிக அருகருகே இருப்பவை. பாதிக்குப் பாதி கலந்தாலும் லிட்டருக்கு ஓரிரு கிராம்தான் மாறும், அந்த மாற்றத்தைக் காலைக்கும் மதியத்துக்கும் இடையிலான வெப்ப வித்தியாசமே கொண்டுவந்துவிடும். கடலை எண்ணெயின் தூய்மையைப் பார்க்க ஒளிவிலகல் அளவு, அயோடின் எண், பெல்லியர் சோதனை என்று தனித்தனிச் சோதனைகள் உண்டு. பெல்லியர் சோதனையில் எண்ணெயைக் காரத்தோடு கொதிக்கவைத்துச் சாராயக் கரைசலில் மெல்லக் குளிரவைப்போம். தூய கடலை எண்ணெயாக இருந்தால் 39-லிருந்து 41 டிகிரிக்குள் கலங்க ஆரம்பிக்கும். இதை வீட்டில் செய்ய முடியாது. அதேபோலக் கெட்டியாக ஒழுகும் எண்ணெய் எடை கூடியது என்பதும் சரியில்லை. எண்ணெயை விடத் தண்ணீர் எவ்வளவோ எளிதாக ஓடுகிறது, ஆனாலும் எடை அதற்குத்தான் அதிகம். உங்கள் தெருச் செக்கு எண்ணெய் மலிவு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அது தூய்மையானதா என்பதை விலையும் எடையும் சொல்லாது.

சமையலறைக்குள் வந்துவிட்டால் மில்லியே வசதி. 5 மில்லி தேக்கரண்டி நாலரை கிராம், 15 மில்லி மேசைக்கரண்டி 13.6 கிராம். சமையல் குறிப்பில் 250 கிராம் நல்லெண்ணெய் என்றிருந்தால் 275 மில்லி ஊற்றுங்கள். ஊறுகாயில் இது முக்கியம். துண்டுகளுக்கு மேல் எண்ணெய் நிற்க வேண்டும், 250 மில்லி ஊற்றினால் 20 கிராமுக்கு மேல் குறைந்துவிடும். பாட்டி சொன்ன குறிப்பில் ஆழாக்கு என்று வந்தால், பழைய அளவில் அது 168 மில்லி, அதாவது 153 கிராம் அளவு. ஆனால் ஊருக்கு ஊர் ஆழாக்கு மாறும், 200 மில்லியை ஆழாக்கு என்று சொல்கிற இடங்களும் உண்டு. வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால் தண்ணீர் ஊற்றி எடை போட்டு அதன் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அது ஒரு நாளைக்கு 15 கிராம், ஒரு மேசைக்கரண்டியை விடக் கொஞ்சம் அதிகம். கிராமுக்கு 9 கலோரி கணக்கு எடைக்குத்தான் பொருந்தும், மில்லிக்கு 8.2 என்று வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் மார்கழியில் தனிக் கணக்கு. 24 டிகிரி அளவில் உறைய ஆரம்பிக்கும், உறையும்போது சுருங்கும், பாட்டிலின் நடுவில் குழி விழுந்தது போலத் தெரியும். அப்போது கரண்டியால் தோண்டி மில்லி கணக்குப் பார்க்க வேண்டாம். உருக்கி அளங்கள், அல்லது அப்படியே தராசில் வையுங்கள், உறைந்தாலும் உருகினாலும் எடை ஒன்றுதான்.

அளவில் சந்தேகம் வலுத்தால், கடையின் தராசிலும் லிட்டர் அளவையிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும், லிட்டர் அளவைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பாக்கெட்டில் அச்சிட்ட எடை தொடர்ந்து குறைந்தால், திறக்காத பாக்கெட் இரண்டு மூன்றையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். திறந்த பாக்கெட்டை வைத்துப் புகார் செய்தால் நிரூபிப்பது கடினம்.